மணிக்கூடு: கூறா, கூடா?

‘மணிக்கூறு’ என்பதே திரிந்து ‘மணிக்கூடு’ ஆயிற்று என்று அண்மையில் ஓர் இலக்கிய ஒன்றுகூடலில் ஒருவர் அடித்துச் சொன்னார். நாம் மணித்தியாலம் என்பதை மலையாளத்தார் ‘மணிக்கூர்’ என்பதுதான் அவருக்குச் சான்று. மணிக்கூர் காலத்தின் பெயர். மணிக்கூடு பொருளின் பெயர். காலத்தைக் கூறுபோடலாம். சுவரில் தொங்குவதைக் கூறு என்று எவர் அழைப்பார்? அல்லைப்பிட்டிக் கரையில் மீனைக் கூறு வைத்து விற்கிறோம். அந்தக் கூறு எவர் வாயிலும் கூடு ஆனதில்லை.

நம்மவர் காலக்கருவியை என்றும் கலத்தின் பெயரால்தான் அழைத்தார்கள். முல்லைப்பாட்டில் பொழுதளப்போர் பார்த்திருக்கும் கன்னல், ஒரு நீர்ப்பாத்திரம். நாழி என்ற கலத்தின் வழியே நாழிகை. 24 நிமிடம் கொண்ட நாழிகை 60 சேர்ந்தால் ஒரு நாள். கடம் என்ற குடத்தின் வழியே கடிகை, அதன் வழியே தமிழகத்தார் சொல்லும் கடிகாரம். கன்னல், நாழி, கடம் என்ற அந்த வரிசையில் கடைசியாக வந்தது கூடு.

சட்டைப்பையில் கிடப்பதில் மணி ஏது என்பார்கள். ஆங்கிலத்தாரின் ‘கிளொக்’ என்ற சொல்லும் மணியைக் குறித்த பழைய இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. மணியோசை நின்ற பிறகும் பெயர் நிற்கும். சிங்களவர் ஒல்லாந்தரின் சொல்லை ஏற்று ‘ஒரலோசுவ’ என்றார்கள். அல்லைப்பிட்டி இருக்கும் எங்கள் தீவுக்கே தம் லைடன் நகரின் பெயரை இட்ட ஒல்லாந்தரால், எங்கள் வீட்டு மணிக்கூட்டுக்குப் பெயரிட முடியவில்லை.

என் கைச்சான்று அப்பு விட்டுப்போன பொக்கற் மணிக்கூடு. பின்மூடியின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் உள்ளே அமெரிக்காவின் வால்தம் தொழிற்சாலை மெஷின். கூட்டில் ஓர் எண், மெஷினில் வேறோர் எண். கூட்டின் முத்திரையைக் கொண்டு வயது சொல்பவர் பிழைவிடுவார். மெஷினின் எண்ணே அதன் வயதைச் சொல்லும். மெஷினின் வகையும் உள்ளேதான் தெரியும். பலன்ஸ் சில்லு முழுத்தட்டின் மேலே ஓடினால் ஒரு வகை. தட்டை முக்காலாக்கிச் சில்லைப் பக்கத்தில் இறக்கியிருந்தால் வேறு வகை. இன்னும் பழையவற்றில் சில்லைத் தாங்கும் துண்டு ஒற்றைக் காலில் நின்றால் ஆங்கில வேலை, இரண்டு காலில் நின்றால் பெரும்பாலும் பிரெஞ்சு வேலை.

அமெரிக்க மெஷின்களைப் பலகாலம் கூடில்லாமலே விற்றார்கள். கூட்டை வாங்குபவர் தனியே தெரிவார். வால்தம் தொழிற்சாலையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆரன் டெனிசன், பின்னாளில் இங்கிலாந்தின் பேர்மிங்காமில் கூடு செய்யும் தொழிலையே நடத்தினார். உள்ளே ஓடுவது ஒன்று, அதைக் காப்பது வேறொன்று என்பதை அந்தத் தொழிலே ஒப்புக்கொள்கிறது.

ஓடுவது மணி, காப்பது கூடு. இந்தச் சொல்லை ஆக்கியவர் ஒரு மணிக்கூட்டையாவது திறந்து பார்த்தவர் என்பதே என் துணிபு.