இந்தியன் சூப்பர் லீக்: அமைப்பும் நிதி ஆதரவும்

இந்தியாவின் முதன்மைத் தொழில்முறைக் கால்பந்துத் தொடர்.

இதன் முன்னோடி, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1996இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக். 2007இல் அது ஐ-லீக் ஆனது. பிலிப்ஸ், கோகோ கோலா, ஓஎன்ஜிசி என விளம்பரதாரர்கள் மாறினர். ஆலைகள், வங்கிகளின் ஊழியர் அணிகளும் அதில் ஆடின; சென்னையின் இந்தியன் வங்கி அவற்றுள் ஒன்று.

2010 டிசம்பரில் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை ஐஎம்ஜி-ரிலையன்ஸுக்கு 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு அளித்தது. அதன் விளைவே 2014 அக்டோபரில் 8 அணிகளுடன் தொடங்கிய சூப்பர் லீக். ஹீரோ நிறுவனம் முதல் ஒன்பது பருவங்களுக்குப் பெயர் தந்தது. சென்னையின் எஃப்.சி. 2015, 2018 ஆண்டுகளில் கோப்பை வென்றது.

பணம் வந்தது, ஆனால் தனியே தொடர்ந்த ஐ-லீக்கின் அணிகளுக்குக் கதவு மூடியே இருந்தது. 2018-19 ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டிக்கு மேல்நிலைக்கு ஏற வழியில்லை. அது பெரும் அநீதி. தகுதியால் முதலில் ஏறிய அணி பஞ்சாப், 2023இல்.

உரிமை ஒப்பந்தம் முடிவதையொட்டி 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. புதிய உரிமைக்கான நவம்பர் ஒப்பந்தப்புள்ளிக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை.