ஆனந்த கீதம் (சீனத் தொலைக்காட்சித் தொடர்)

ஆனந்த கீதம் (சீனத்தில் ‘ஹுவான்லே சோங்’), ஷாங்காய் நகர அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் 22ஆவது மாடியில் வசிக்கும் ஐந்து பெண்களின் வேலை, காதல், குடும்பப் பாடுகளைச் சொல்லும் தொடர். முதல் பருவம் 42 அத்தியாயங்களுடன் 2016 ஏப்ரலில் டிராகன் டிவி, ஜெஜியாங் டிவி அலைவரிசைகளில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அ நை என்ற புனைபெயரில் எழுதும் பெண் எழுத்தாளரின் நாவல்தான் மூலக்கதை. திரைக்கதை யுவான் ஜிதான். இயக்கம் கோங் ஷெங், ஜியான் சுவான்ஹே. பெத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் ஒலிக்கும் பாடலின் பெயர், கதையில் குடியிருப்பின் பெயராகியிருக்கிறது.

ஒரே மாடியில் மூன்று கதவுகள். 2201இல் தனியாக இருப்பவள் ஆண்டி (லியூ தாவ்). அநாதையாக வளர்ந்து, அமெரிக்க நிதித்துறையில் பெயரெடுத்துத் திரும்பியவள். காணாமற்போன தம்பியைத் தேடுகிறாள். 2203இல் பணக்கார வீட்டுப் பெண் சூ ஷியாவ்ஷியாவ் (வாங் ஜிவென்). அப்பாவின் சொத்தில் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்காமல் தன் பங்கை வாங்கவே ஊர் திரும்பியிருக்கிறாள். நடுவிலுள்ள 2202இல் மூவர் ஆளுக்கொரு அறையில் வாடகையைப் பகிர்ந்துகொண்டு இருக்கிறார்கள். வேலை நிரந்தரமாகுமா என்ற பயத்திலேயே நாளைக் கழிக்கும் குவான் ஜூயர் (சியாவ் சின்), வெகுளியான சியூ யிங்யிங் (யாங் ஜி), முப்பதை எட்டிய ஃபான் ஷெங்மெய் (ஜியாங் சின்) ஆகியோர் அவர்கள்.

தொடரின் உயிர் ஃபான் ஷெங்மெய்தான். வெளிநாட்டு நிறுவனமொன்றின் மனிதவளப் பிரிவில் வேலை. உடையிலும் பேச்சிலும் வசதியானவள் போலத் தெரிவாள். சம்பளமோ ஊரிலிருக்கும் பெற்றோர் வழியாக உருப்படாத அண்ணனுக்குப் போய்ச் சேருகிறது. அண்ணன் அடிதடியில் சிக்கினாலும் அப்பா பக்கவாதத்தில் விழுந்தாலும் பணம் கேட்டுத் தொலைபேசி ஒலிப்பது இவளிடம்தான். பள்ளித் தோழன் வாங் பைச்சுவான் இவளைக் கவர பி.எம்.டபிள்யூ காரில் வருகிறான். கார் வாடகைக்கு எடுத்தது. இவளும் குடியிருக்கும் வீடு வாடகை வீடு என்பதை அவனிடம் சொல்லவில்லை. இரண்டு குட்டையும் ஷியாவ்ஷியாவ் உடைக்கும்போது, சிரிப்பதா இரங்குவதா என்று பார்ப்பவருக்கே தெரியாது. மகளின் சம்பளத்தில் மகனை வளர்க்கும் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது சீனாவில் இன்றும் இவள் பெயர் அடிபடுகிறது. அ நையின் இன்னொரு நாவலிலிருந்து 2019இல் வந்த ‘எல்லாம் நலம்’ தொடரும் இதே புண்ணைத்தான் தொடுகிறது.

யிங்யிங்கின் கதை அலுவலகத்தில் நடக்கிறது. உடன் வேலைபார்க்கும் மேற்பார்வையாளரைக் காதலித்து ஏமாந்தவள், அவன் பொய்ச் செலவுக் கணக்கு காட்டியதை எல்லார் முன்னிலையிலும் போட்டு உடைக்கிறாள். வேலை இருவருக்குமே போகிறது. பிறகு அவள் காப்பிக் கடையில் சேர்ந்து, இணையத்தில் காப்பித்தூள் விற்கக் கற்றுக்கொள்ளும் பகுதி நிதானமாக எடுக்கப்பட்டிருக்கிறது.

பணக்காரரை ஒரு கண்ணாலும் ஏழையை வேறு கண்ணாலும் பார்க்கும் தொடர் என்று விமர்சனம் எழுந்தது. அது பொய்யில்லை: 2202காரிகளின் சிக்கல் முற்றும்போதெல்லாம் பக்கத்துக் கதவுகளின் பணமோ செல்வாக்கோதான் கைகொடுக்கிறது. ஆனால் அந்த உதவியை வாங்கும் ஷெங்மெய்யின் கூச்சத்தையும் படம்பிடிக்கத் தொடர் தவறவில்லை.

தயாரித்தது ‘டேலைட் எண்டர்டெயின்மென்ட்’. 2015இல் ‘லாங்யா பாங்’ என்ற வரலாற்றுப் புனைவுத் தொடரால் புகழ்பெற்ற நிறுவனம் இது. நடிகர்கள் லியூ தாவ், வாங் காய், ஜின் தோங் மூவரும் அந்தத் தொடரிலிருந்து இங்கே வந்தவர்கள்.

இரண்டாம் பருவம் 2017 மே மாதம் 55 அத்தியாயங்களாக வந்தது. யிங்யிங் கன்னியல்ல என்று தெரிந்ததும் காதலன் இங் சின் விலகிப்போகும் காட்சிகள் சீன இணையத்தில் பெரும் சச்சரவைக் கிளப்பின. காட்சிக்குள்ளேயே திணிக்கப்பட்ட விளம்பரங்களும் நிறையவே கேலிக்கு ஆளாயின. 2022இல் வந்த மூன்றாம் பருவத்தில் ஐந்து பெண்களுமே புதியவர்கள். பழைய 22ஆவது மாடிக்காரிகள் அதில் இல்லை.