அரிச்சல்முனை

அரிச்சல்முனை என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் தீவின் தென்கிழக்குக் கோடியில் அமைந்துள்ள மணல்முனை ஆகும். தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள இம்முனையில் இந்திய நிலப்பகுதி முடிவடைகிறது. இலங்கையின் தலைமன்னார் இங்கிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. இரண்டிற்கும் இடையே மணல்திட்டுகள் தொடராக அமைந்துள்ளன. ஒரு பகல் பொழுதில் குழுவாக நடந்து சென்று திரும்பக்கூடிய கடற்கரை நடைவழிகளுள் இதுவும் ஒன்று.

நில அமைப்பு

இப்பகுதி குறுகிய மணல்நாக்கு வடிவில் கடலுக்குள் நீண்டுள்ளது. வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. மீனவர்கள் வடபுறக் கடலைப் பெண் கடல் என்றும், தென்புறக் கடலை ஆண் கடல் என்றும் அழைக்கின்றனர். மணலில் சிறிய ஊற்றுகள் தோண்டி நன்னீர் பெறுவது இங்குள்ள மீனவர் வழக்கம் ஆகும்.

வானிலை

ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்கிறது. அப்போது வடபுறக் கடல் கொந்தளிக்கும். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வலுப்பெறுவதால், தென்புறக் கடல் சீற்றம் கொள்ளும். இருபுறக் கடலும் அண்மையில் இருப்பதால், ஒருபுறம் அலை உயர்ந்திருக்கையில் மறுபுறம் அமைதியாக இருப்பதைக் காணலாம். இரு பருவங்களிலும் காற்று இந்நிலப்பகுதிக்குக் குறுக்காகவே வீசுகிறது. இதனால் மணல் எழுந்து சாலையை மூடுவதுண்டு.

1964 புயல்

1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயலும் அதனால் எழுந்த பேரலைகளும் தனுஷ்கோடியை அழித்தன. அவ்வூரை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன் - தனுஷ்கோடி பயணிகள் தொடர்வண்டி அலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தலைமன்னாருக்குத் தனுஷ்கோடியிலிருந்து நடைபெற்றுவந்த கப்பல் போக்குவரத்தும் நின்றது. பின்னர் இவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றது என அறிவிக்கப்பட்டது. தேவாலயம், தொடர்வண்டி நிலையம் ஆகியவற்றின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. இராமேசுவரத்திலிருந்து வரும் வழியில் உள்ள கோதண்டராமர் கோயில் அப்புயலில் தப்பியது.

நடைவழி

முகுந்தராயர் சத்திரம் வரை முன்னரே சாலை இருந்தது. அதற்கு அப்பால் மணலிலும் ஆழமற்ற நீரிலும் நடந்தோ, அதற்கேற்ற வேன்களிலோ செல்ல வேண்டியிருந்தது. 2017-ஆம் ஆண்டு சாலை அரிச்சல்முனை வரை நீட்டிக்கப்பட்டது. இதில் முகுந்தராயர் சத்திரம் முதல் தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 5 கி.மீ., அங்கிருந்து அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 4.5 கி.மீ. ஆகும். எனவே சென்று திரும்ப ஏறத்தாழ 19 கி.மீ. நடக்க வேண்டும். சாலையின் முடிவில் நான்முகச் சிங்கச் சின்னம் தாங்கிய தூண் அமைக்கப்பட்டுள்ளது.

குளிர்காலத்தில் இங்குள்ள ஆழமற்ற நீர்நிலைகளுக்குப் பூநாரைகள் வருகின்றன. 2025 சூன் மாதத்தில் தனுஷ்கோடிப் பகுதியில் ஏறத்தாழ 524 எக்டேர் பரப்பு பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசால் அறிவிக்கப்பட்டது.

பாதுகாப்பு

வழியில் மர நிழல் மிகக் குறைவு. ஆகவே குடிநீரும் தலைக்கு மறைப்பும் கொண்டு செல்லுதல் வேண்டும். விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் முனையை அடையலாம். மணல் பறக்கும் நாள்களில் கண்களை மூடிக்காக்கும் துணியோ கண்ணாடியோ தேவைப்படும். முனையில் இருபுற நீரோட்டங்களும் கூடுவதாலும் மணல் அடிக்கடி இடம் மாறுவதாலும் கடலில் இறங்குவது உயிருக்கு ஆபத்தானது. அமைதியாகத் தோன்றும் புறத்திற்கும் இது பொருந்தும்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ள நாள்களில் இந்நடையைத் தவிர்த்தல் வேண்டும். நடக்கும்போது வானம் இருண்டு காற்றின் திசை மாறினால், குழுவினர் பிரியாமல் உடனே திரும்புவது நல்லது. தாழ்ந்த மணல்வெளியில் ஒதுங்க மேடான இடமோ உறுதியான கட்டடமோ எளிதில் கிடைப்பதில்லை. இங்கு இரவில் தங்க அனுமதி இல்லை என்பதால், மாலைக்குள் திரும்பும் வகையில் நேரத்தைக் கணக்கிடுதல் அவசியம்.