கொள்ளைநோய்க் காலத்துப் பள்ளிக்கூடம்: ஓமலூர்ப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதுவோர் மருத்துவமனைகளையும் சுடுகாடுகளையும் அரசாணைகளையும் பின்தொடர்ந்து செல்கின்றனர். அவ்வரலாற்றில் பள்ளிக்கூடம் "பள்ளிகள் மூடப்பட்டன" என்ற ஒற்றை வரியில் வந்துபோகும். மூடிய பிறகு என்ன நடந்தது, யார் திறந்தார்கள், திறந்தபோது யார் திரும்பி வரவில்லை என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் இடமில்லை. சேலம் மாவட்டத்தின் ஓமலூர் வட்டாரத்தையும் அதைச் சூழ்ந்த நிலப்பகுதியையும் கண்முன் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் நோயும் பள்ளியும் சந்தித்த சில தருணங்களைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பிளேக். 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் 1898இல் பெங்களூரை எட்டியது. பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று வந்து, தொப்பூர்க் கணவாயில் இறங்கும் பெருவழி ஓமலூரைத் தொட்டுத்தான் சேலத்தை அடைகிறது. அன்று இவ்வூர்கள் அனைத்தும் சேலம் ஜில்லாவுக்குள் அடங்கியவை. (தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரிந்தன.) வணிகர் நடந்த அதே வழியில் நோயும் இறங்கிற்று. சென்னை மாகாணத்தில் பிளேக்கினால் மிகுதியாகத் துன்புற்ற ஜில்லாக்களுள் சேலமும் ஒன்று.

அரசிடம் அப்போது 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் இருந்தது, மருந்து இல்லை. நோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோருக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' என்ற சீட்டு வழங்கப்பட்டது. சீட்டுப் பெற்றவர் தாம் சென்று சேர்ந்த ஊரில் பத்து நாட்கள் அதிகாரிமுன் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும். நோய் பரவிய ஊரையே காலி செய்து, மக்களைக் காட்டில் கொட்டகை போட்டுத் தங்கச் செய்வது அடுத்த வழி. எலி செத்து விழுந்தால் வீட்டை விட்டு வெளியேறு என்பதை அரசு சொல்வதற்கு முன்பே மக்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். கோயமுத்தூர்ப் பக்கத்தில் இன்றும் வழிபடப்பெறும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்த அச்சத்தின் சின்னங்கள்.

இந்தச் சூழலில் பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று? ஊரே காலியாகும்போது பள்ளியை மூட ஒரு தனி உத்தரவு தேவையில்லை. அதைவிட முக்கியமான செய்தி வேறொன்று. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதே வாழ்வில் இல்லாத ஒன்று. ஆகவே அது மூடப்பட்டதும் அவர்களுக்கு ஓர் இழப்பாகத் தோன்றியிருக்க இயலாது. உழவனின் மகன் நேற்றும் மாடு மேய்த்தான், கொட்டகைக்குப் போன பின்பும் மாடு மேய்த்தான். நோய் அவனிடமிருந்து பறிப்பதற்குப் பள்ளி என்ற ஒன்று அவனிடம் இருக்கவில்லை.

இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பின்னர் வருவன தெளிவாகும்.

அம்மையின் கதை சற்று வேறானது. பிளேக் விருந்தாளியைப் போல வந்தது. அம்மையோ வீட்டாளைப் போல ஊரோடு இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும், அவ்வீட்டுக்குப் பிறர் போகாதிருப்பதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே அனுப்பாதிருப்பதும் மக்கள் தாமே வகுத்துக்கொண்ட ஒழுங்குகள். ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மனுக்கு எடுக்கும் பெருவிழாவை அறிந்தவர்களுக்கு, இந்நோயை இப்பகுதி மக்கள் எவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தனர் என்பதை விளக்க வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டுவந்த காலத்தில் அம்மை கண்டு, படிப்பு இடையில் நின்று, உறவினர் ஊருக்குச் சென்று தங்க நேர்ந்ததை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். ஒரு மாணவன், ஓர் ஆசிரியர், ஒரு காத்திருப்பு என்ற அளவில் அந்தத் தடை நின்றது. மாணவன் தேறி வந்ததும் பாடம் தொடர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பள்ளிகள் பெருகியபோது அம்மைக்கு எதிரான பணியில் பள்ளிக்கு ஒரு புதிய பயன் ஏற்பட்டது. பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்துவைத்திருக்கும் ஒரே இடம் அதுதான். வீடு வீடாகத் தேடிச் சென்றால் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளைப் பள்ளியில் வரிசையாக நிறுத்தி ஊசி குத்தலாம். அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றதும் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடிய கதையை நம் பெற்றோர் தலைமுறையினர் இன்றும் சிரித்தபடி சொல்வதுண்டு. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் பதிவானார். 1977இல் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக உறுதிசெய்யப்பட்டது. அந்த வெற்றியில் பள்ளி வராந்தாக்களுக்கும் ஒரு பங்குண்டு.

நோய்க்காலத்தில் பள்ளியை மூடுவதா, அல்லது பிள்ளைகளைக் கண்காணிக்கும் இடமாக அதைப் பயன்படுத்துவதா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்த கேள்வியே. 1918இன் விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகையே சற்றுக் குறைந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க்கும் சிகாகோவும் மூடவில்லை. நெருக்கடியான குடியிருப்புகளில் அடைந்து கிடப்பதைவிட, மருத்துவரும் செவிலியரும் நாள்தோறும் பார்வையிடும் பள்ளியில் இருப்பது பிள்ளைகளுக்கு நல்லது என்பது நியூயார்க் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்டின் வாதம். அவர் செய்தது சரியா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் பள்ளி என்பது பாடம் நடக்கும் இடம் மட்டுமன்று என்று கண்டுகொண்ட நிர்வாகம் அது என்பதில் ஐயமில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு சேலம் மாவட்டப் பள்ளிகளுக்கு இருமுறை சோதனை வைத்தது. பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதினர் வரை அனைவருக்கும் ஊசி போட வேண்டும், பள்ளிகளே மையங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் தமிழகமெங்கும் பெற்றோர் பலர் தயங்கினர். ஊசி போடும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாதவர்களும் உண்டு. முன்னர் பின்சுவர் ஏறிக் குதித்தவர் பிள்ளை. இப்போது குதித்தவர் பெற்றோர். அவர்களிடம் பேசி இசையவைத்ததில் ஊரறிந்த ஆசிரியர்களுக்குப் பெரும் பங்குண்டு. சுகாதாரத் துறையின் துண்டறிக்கையை நம்பாதவர்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொன்னால் நம்புவார்கள்.

அதே ஆண்டின் மழைக்காலத்தில் டெங்கு வந்தது. தமிழகத்தில் அவ்வாண்டு மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சேலமும் இருந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. நல்ல நீரில் முட்டையிடுவது. பிள்ளைகள் பகல்பொழுதைக் கழிக்கும் இடமும், மூடியில்லாத தொட்டியும், மொட்டைமாடியில் கிடக்கும் உடைந்த பெஞ்சும், தேங்காய்ச் சிரட்டையும் ஒருங்கே அமையும் இடம் பள்ளிதான். எனவே இங்கே கதவைப் பூட்டுவது தீர்வாகாது. பூட்டிய பள்ளியில் தேங்கும் நீரை யாரும் கவிழ்க்க மாட்டார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி, நிலவேம்புக் குடிநீர், தொட்டிகளைத் தேய்த்துக் கழுவுதல், காய்ச்சலால் வராத பிள்ளைகளின் பட்டியலைச் சுகாதார ஆய்வாளருக்குத் தருதல் என்று பணிகள் விரிந்தன. வருகைப் பதிவேடு ஒரு நோய்ப் பதிவேடாகவும் பயன்பட முடியும் என்பதை அந்த மழைக்காலம் காட்டியது.

பிளேக் 'ஊரை விட்டுப் போ' என்றது. அம்மை 'ஊசிக்கு நில்' என்றது. டெங்கு 'தண்ணீரைக் கவிழ்' என்றது. 2020இல் வந்த நோய் 'ஒருவரை ஒருவர் நெருங்காதே' என்றது. நெருங்கி உட்கார்வதையே இயல்பாகக் கொண்ட ஓர் அமைப்புக்கு இதைவிடக் கடினமான கட்டளை இருக்க முடியாது.

2020 மார்ச் 16 அன்று எல்லாக் கல்வி நிலையங்களையும் மூடும் அறிவிப்பு வந்தது. மார்ச் 31 வரை என்றுதான் அறிவித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மட்டும் தொடர்ந்து நடந்து, மார்ச் 24 அன்று முடிந்தது. ஊரடங்கின் விளிம்பில் நடந்த அக்கடைசித் தேர்வுக்கு வர இயலாமல் போன ஆயிரக்கணக்கானோருக்கு ஜூலை 27 அன்று மறுதேர்வு வைக்கப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வோ மும்முறை தள்ளிவைக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கையில், ஜூன் 9 அன்று கைவிடப்பட்டது. ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களையும் வருகையையும் கொண்டு தேர்ச்சி பெற்றனர்.

பிறகு பள்ளி தொலைக்காட்சிக்குள் புகுந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சியில் 2020 ஜூலை முதல் வகுப்புவாரியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. பன்னிரண்டாம் வகுப்பினரின் விலையில்லா மடிக்கணினிகளில் பாடக் காணொளிகள் ஏற்றித் தரப்பட்டன. சத்துணவு உண்ட பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் உலர்பொருளாக வழங்கப்பட்டன. இவற்றைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் தொலைக்காட்சி ஒரு பிள்ளையைப் பார்த்து "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்காது. அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமற்போனதே பெரிய இழப்பு.

சேலம், தருமபுரி, நாமக்கல் மாவட்டங்களில் அக்காலத்தில் குழந்தைத் திருமணங்கள் பெருகிவருவதாகச் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. பள்ளி நடக்கும் நாட்களில், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒரு வாரம் வராவிட்டால் தோழிகள் சொல்வார்கள், ஆசிரியை விசாரிப்பார், 1098க்கு ஓர் அழைப்பு போகும். கதவு பூட்டப்பட்டதும் அந்தக் கண்ணி அறுந்தது. பையன்களைப் பொறுத்தவரை இப்பகுதியில் வேலைக்குப் பஞ்சமில்லை. விசைத்தறி, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, மரவள்ளிக்கிழங்கு ஆலை, செங்கல் சூளை. வருமானம் நின்றுபோன வீட்டில் பதினான்கு வயதுப் பையனின் கூலி ஒரு பொருட்டுதான். 1900இல் பள்ளி இல்லாததால் மாடு மேய்த்த சிறுவனுக்கும் 2020இல் பள்ளி பூட்டியிருந்ததால் கொலுசுக்குப் பற்றவைத்த சிறுவனுக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. இரண்டாமவன் எதை இழக்கிறோம் என்று அறிந்திருந்தான்.

மூடுவதற்கு ஓர் அறிவிப்பு போதுமானதாக இருந்தது. திறப்பதற்குப் பல தவணைகள் தேவைப்பட்டன. 2021 ஜனவரி 19 அன்று பத்தும் பன்னிரண்டும் திறந்தன. பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும். மார்ச்சில் மீண்டும் மூடல். அடுத்து வந்த இரண்டாம் அலையில், சேலம் உருக்காலை வளாகத்தில் ஐந்நூறு ஆக்சிஜன் படுக்கைகள் மே 20 அன்று திறக்கப்பட்ட அந்த நாட்களில், பள்ளியைப் பற்றிப் பேசவே எவருக்கும் மனமில்லை. செப்டம்பர் 1 அன்று மேல்வகுப்புகளும் நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளும் திறந்தன. 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதிப் பழகிக்கொண்டிருந்த குழந்தை, பத்தொன்பது மாதங்களுக்கு மேல் கழித்து மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. இரண்டாம் வகுப்பு என்ற அறையை அது பார்த்ததே இல்லை.

அப்போது நடந்த ஒன்றை வரலாறு நினைவில் வைக்க வேண்டும். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மாநிலமெங்கும் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை வேளைகளில் இருபது இருபது பிள்ளைகளாகச் சேர்த்துப் பாடம் சொன்னார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி எல்லாம் வகுப்பறை ஆயின. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கும் இதற்கும் இடம் ஒன்றுதான். உள்ளே யார் என்பதில்தான் மாற்றம். அன்றைய திண்ணை யாரை உட்காரவைத்தது, யாரை வாசலிலேயே நிறுத்தியது என்பதை நாம் அறிவோம். இன்றைய திண்ணையில் வாத்தியாரின் இடத்தில் பட்டம் படித்த ஓர் ஊர்ப்பெண் அமர்ந்திருந்தாள்.

இதன் பயனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை ஆராய்ந்தனர். 2021 டிசம்பரில் கணிதத்திலும் தமிழிலும் பெரும் பின்னடைவு இருந்தது. கணிதத்தில் அது மிகுதி. ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது என்பது அவர்களின் கணிப்பு. எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு? அது இன்னும் நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறது.

கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் அதை நான் கண்டேன். 2022இல் கல்லூரிக்குள் வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களின் பத்தாம் வகுப்புத் தேர்வு நீக்கப்பட்டது. பதினொன்றில் அனைவரும் தேர்ச்சி. 2022 மே மாதத்துப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே அவர்கள் வாழ்வில் எழுதிய முதல் பொதுத்தேர்வு. அவர்களுக்கு அறிவில் குறைவில்லை, பேச்சில் தயக்கமில்லை. மூன்று பக்கம் தொடர்ந்து எழுதினால் கை வலித்தது. ஒரு செய்யுளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் கண் தடுமாறியது. "ஆல் பாஸ் செட்டு" என்று அவர்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. கேலிக்குரியவர்கள் அவர்கள் அல்லர்.

இவ்வளவையும் தொகுத்து நோக்கும்போது ஒன்று புலப்படுகிறது. ஒரு கல்வி நிர்வாகம் கொள்ளைநோயை எப்படி எதிர்கொண்டது என்பதை, அது எவ்வளவு விரைவாகக் கதவைச் சாத்தியது என்பதைக் கொண்டு அளக்க இயலாது. சாத்துவது பல வேளைகளில் தவிர்க்க முடியாதது. கதவு சாத்தியிருந்தபோது சோறு எப்படிப் போயிற்று, பெண்பிள்ளையை யார் விசாரித்தார்கள், திறந்தபின் வராதவனைத் தேடி யார் போனார்கள் என்பவையே அளவுகோல்கள். பிளேக் காலத்தில் இந்தக் கேள்விகளே எழவில்லை. இன்று எழுகின்றன என்றால், இடையிலுள்ள நூற்றாண்டில் நாம் பெற்ற ஒன்றின் மதிப்பை அது காட்டுகிறது.

பிளேக் காலத்தின் ஓமலூர்ச் சிறுவர்களைப் பற்றி நமக்கு எஞ்சியிருப்பது மிகக் குறைவு. 2020-21ஆம் ஆண்டுகளுக்கும் அந்நிலை நேரக்கூடாது. தலைமையாசிரியர்களின் குறிப்பேடுகள், உலர்பொருள் வழங்கிய பதிவேடுகள், தெருத்தெருவாகப் போய்ப் பாடம் சொன்ன ஆசிரியர்களின் நினைவுகள், தன்னார்வலப் பெண்கள் வைத்திருந்த நோட்டுகள் ஆகிய அனைத்தும் நாளைய வரலாற்றுக்கு மூலங்கள். பழைய காகிதத்தோடு எடைக்குப் போவதற்குள் அவற்றைக் கேட்டு வாங்கி வைக்கும் வேலையை, இலக்கியம் பேசும் நண்பர்கள் அவரவர் ஊரில் தொடங்கலாம்.