நற்செய்தி: சொல்லுக்குள் இருக்கும் செயல்

மட்டக்களப்பு வாவிக்கரைக் கோயில்களில், ஞாயிறு பூசையில் நற்செய்தி வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்கிறோம். நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துகொள்கிறோம். முந்தைய தலைமுறை இதைச் 'சுவிசேஷம்' என்றது. 'சு' என்றால் நல்ல. 'விசேஷம்' என்றால் செய்தி. "என்ன விசேஷம்?" என்று இன்றும் விசாரிக்கிறோமே, அதே பொருள்தான்.

மூலச்சொல் கிரேக்கத்து 'எவாங்கெலியோன்'. ஹோமரின் காவியத்தில் அது நல்ல சேதி கொண்டுவருபவன் பெறும் பரிசு. பின்னர் சேதிக்கே பெயராயிற்று. கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரியேனே கல்வெட்டு, பேரரசர் அகஸ்தஸின் பிறப்பைப் போற்ற இச்சொல்லை ஆண்டது. அரண்மனைக்குரிய அந்தச் சொல்லை மாற்கு தம் நூலின் முதல் வரியிலேயே நாசரேத்துத் தச்சருக்கு உரியதாக்கினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. 1969இல் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கொருவராகச் சுழலும் ஞாயிறு வாசகமுறை வந்தது. கத்தோலிக்கர் நாவில் 'சுவிசேஷம்' இருந்த இடத்தில் 'நற்செய்தி' வேரூன்றியது. 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதை உறுதிப்படுத்தியது.

இந்த மாற்றத்தில் தமிழ் ஒரு கொடையும் தந்தது. 'செய்தி' பிறந்தது 'செய்' என்னும் வினையிலிருந்து. பழந்தமிழில் அதற்குச் செயல் என்றும் பொருள். புறநானூறு 34இல் ஆலத்தூர் கிழார், ஒருவர் செய்த நன்றியையே 'செய்தி' என்கிறார். ஆகவே நற்செய்தி என்பது நல்ல சேதி, நல்ல செயல் இரண்டும்தான். நல்ல சமாரியர் கதையை முடிக்கும் இயேசுவும், கேட்டவரை அவ்வாறே செய்யச் சொல்லித்தான் அனுப்புகிறார்.

இரண்டு பொருளையும் வாழ்ந்து காட்டியவர்களை இந்த மண் அறியும். பிரஜைகள் குழுத் தலைவராயிருந்து மக்களுக்காகக் குரல்கொடுத்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6இல் புனித மரியாள் ஆலய வளாகத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளை வளர்த்த இயேசுசபைக் குரு யூஜின் ஹெபேர், 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார், வந்து சேரவேயில்லை.

அவர்கள் கொடுத்த விலையை எல்லோரிடமும் யாரும் கேட்பதில்லை. ஆனால் பூசை முடிந்து வெளியேறுமுன், அன்றைய வாசகத்துக்காக இந்த வாரம் யாருக்கு எதைச் செய்வோம் என்று ஒவ்வொருவரும் முடிவெடுக்கலாம். அந்த முடிவு இல்லாவிட்டால் நாம் கேட்டது பாதி நற்செய்திதான்.