நிக்கோடீமஸ்: ஒரு சிற்றூரின் கதை

கான்ஸாஸ் மாநிலத்தின் வடமேற்கே, கிரஹாம் கவுண்டியில், 24-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி நிக்கோடீமஸ் என்றொரு சிற்றூர் உள்ளது. அதற்கு மேயர் இல்லை, நகரசபையும் இல்லை. நிர்வாகம் கவுண்டியைச் சேர்ந்தது. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வசித்தவர்கள் 14 பேர். ஆயினும் இவ்வூரின் வரலாற்றை நம் சங்க அன்பர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கே, மரமற்ற புல்வெளியில் ஊர் அமைந்துள்ளது. நூறாவது தீர்க்கரேகைக்கு அருகிலுள்ள பூமி இது. இதற்கு மேற்கே செல்லச் செல்ல மழையை மட்டும் நம்பி விவசாயம் செய்வது சூதாட்டந்தான். கோடையில் கடும் வெயில், குளிர்காலத்தில் பனிப்புயல்.

1877-இல் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையரும், டபிள்யூ. எச். ஸ்மித் முதலிய கறுப்பினத்தவர் சிலரும் சேர்ந்து இவ்வூரை நிறுவினர். அடிமைத்தளை நீங்கியும் தென்மாநிலங்களில் நிம்மதியின்றி வாடிய மக்களைச் சொந்த நிலம் தேடி வருமாறு அழைத்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து சுமார் 300 பேர் வந்தனர். எல்லிஸ் வரை ரயில். அதன்பின் சுமார் 35 மைல் நடை. வந்து பார்த்தால் ஊரே இல்லை! முன்வந்தவர்கள் மரமில்லாத குறையால் தரையைக் குடைந்து, வளைகளில் குடியிருந்தனர். பூமிக்குள்ளிருந்து புகை வருவதைக் கண்டு அழுதவர்களும் உண்டு. பலர் உடனே திரும்பிவிட்டனர்.

எஞ்சியவர்கள் அந்த முதற் குளிர்காலத்தில் பட்டினியின் விளிம்பில் நின்றபோது, வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓஸேஜ் பழங்குடியினர் தம் இறைச்சியில் ஒரு பங்கைக் கொடுத்து உதவினர். மறு வசந்தத்தில் போதிய குதிரைகளோ கலப்பைகளோ இன்றி, மண்வெட்டி கொண்டே நிலத்தைக் கொத்தினார்கள். 1880-களில் கடைகள், ஹோட்டல்கள், தேவாலயங்கள், பள்ளி, இரண்டு பத்திரிகைகள் என ஊர் செழித்தது. இங்கு குடியேறிய எட்வர்ட் மெக்கேப், 1882-இல் மாநிலத் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பின் ரயிலால் வந்தது வினை. ரயில் பாதையைப் பெற 16,000 டாலர் கடன்பத்திரத்திற்கு ஊரார் வாக்களித்தும், 1888-இல் ரயில் ஆற்றின் தென்கரையோடு போய்விட்டது. கடைக்காரர்கள் ரயிலைத் தொடர்ந்து போக் என்ற இடத்திற்குப் பெயர்ந்தனர். 1930-களின் புழுதிப் புயலும் பொருளாதார வீழ்ச்சியும் மற்றவர்களையும் விரட்டின. 1953-இல் தபால் நிலையம் மூடப்பட்டது.

ஆனால் ஊர் அழியவில்லை. ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில், எங்கெங்கோ வாழும் வாரிசுகள் அங்கு கூடுகின்றனர். 1878 முதல் வழங்கிவரும் விடுதலை விழா இது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அடிமை முறை ஒழிந்ததை நினைவுகூர்ந்து தொடங்கியது. அந்த ஒழிப்பினால் கரும்புத் தோட்டங்களில் ஏற்பட்ட ஆட்குறையை நிரப்பத்தான் நம்மவர் பலர் மொரீஷியஸுக்கும் கயானாவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர் என்பதை நாம் மறத்தலாகாது. 1996-இல் நிக்கோடீமஸ் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

நம் ஊர்ப்புறங்களில் குலதெய்வக் கோயில் கொடைக்குப் பட்டணம் போனவர்கள் திரும்பி வருவதில்லையா? அதே போன்றதுதான் இதுவும். நம் சங்கக் கூட்டங்களில் கட்டட நிதியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். வளர்ந்து வெளிமாநிலம் சென்றுவிட்ட நம் பிள்ளைகள் திரும்பிவர ஆண்டில் ஒரு நாளை இன்னும் நாம் குறிக்கவில்லை. அடுத்த பொதுக்குழுவில் அந்த நாளை முடிவு செய்யும்படி அன்பர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.