உப்பு நீரில் அச்சு டைட்டானியம்: உலைக்கு முன்னும் பின்னும்

6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த கிரேடு 5 டைட்டானியத் துகளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிப் பாகங்களை அச்சிடுகிறார்கள். அந்தப் பாகத்தை அப்படியே கடல்நீரில் இறக்குவதா, உலையில் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு இறக்குவதா? இரண்டையும் ஒப்பிடும்போது, பெரும்பாலும் தேவையற்ற ஒன்றையே அளந்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெருகேற்றி அமிலத்தில் தோய்த்தெடுத்த துண்டை நுண்ணோக்கியில் பாருங்கள். உலை காணாத துண்டில் அடுக்குகளை ஊடுருவி மேலேறும் நீண்ட படிகத் தூண்கள் தெரியும். அவற்றுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய ஊசிகள். உருகியது நொடிப்பொழுதில் உறைந்து குளிர்வதால் வனேடியம் பிரிந்துபோக அவகாசமில்லை, மார்ட்டென்சைட் எனும் இந்த ஊசி அமைப்பு ஆகிவிடுகிறது. அதையே 800 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தால் ஊசிகள் தடித்துத் தகடுகளாகும். இடையிடையே பீட்டா எனும் வனேடியம் செறிந்த படிக வடிவம் மெல்லிய கோடுகளாக ஒதுங்கும்.

ஆஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழக ஆய்வாளர் இடம்பெற்ற குழுவினர் 2016-இல் 3.5 சதவீத உப்பு நீரில் சோதித்து, அச்சிட்டது அரிப்பு எதிர்ப்பில் வழக்கமான கிரேடு 5-ஐவிடப் பின்தங்குகிறது என்றார்கள். மார்ட்டென்சைட் மிகுதி, பீட்டா குறைவு என்பது அவர்கள் சொன்ன காரணம். அப்படியானால் பீட்டாவைத் தரும் உலை நிலைமையைத் தேற்றியிருக்க வேண்டும். ஆனால் 2017-இல் அவர்களே, வெப்பப் பதம் அரிப்பு எதிர்ப்பைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். மேம்படுகிறது என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு.

இந்தச் சண்டையின் அளவு என்ன? சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோஆம்பியர் வீதம் ஆண்டு முழுக்கக் கரைந்தாலும் தேய்மானம் 0.01 மில்லிமீட்டரைத் தொடாது. பத்தாண்டில் ஒரு தலைமயிரின் கனம். இந்த அளவில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு கரைந்தாலும், கடலில் நிற்கும் பாகத்துக்கு அது பொருட்டே அல்ல. சில நானோமீட்டர் கனமுள்ள ஆக்சைடு படலம் இரண்டையுமே காக்கிறது.

ஆபத்து விரிசலில் இருக்கிறது. 1965-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் பி.எஃப். பிரவுன், 8 சதவீதம் அலுமினியம் கொண்ட டைட்டானியத் துண்டில் முன்கூட்டியே விரிசல் உண்டாக்கி உப்பு நீரில் சுமையேற்றினார். வழவழப்பான துண்டு தாங்கிய நீரில் விரிசல் கண்டது எளிதில் முறிந்தது. அச்சுப் பாகத்தில் விரிசலுக்கு வித்தாக நுண்துளைகளும் சரியாக உருகாத இடைவெளிகளும் உண்டு. உள்ளே இழுவிசையும் தங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு மார்ட்டென்சைட் அதிகம் நீளாமல் உடையும். ஆகவே உலைக்குப் போகாத பாகத்தைச் சுமை தாங்கும் இடத்தில் நான் ஏற்கமாட்டேன்.

உலை என்றாலே நல்லது என்றும் இல்லை. 500 முதல் 600 டிகிரிக்குள் நெடுநேரம் வைத்தால் அலுமினியம் டைட்டானியத்தோடு ஒழுங்காக அடுக்கி நுண்வீழ்படிவு உண்டாகும். உப்பு நீர் விரிசலுக்கு அதுவே துணை. காற்றில் சூடேற்றினால் ஆக்சிஜன் புகுந்து மேற்புறம் நொறுங்கும் தோலாகிவிடும். வெற்றிடமோ ஆர்கானோ கட்டாயம். 900 டிகிரிக்கு மேல் 100 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தத்தில் வைக்கும் முறை உள்துளைகளை மூடும். மேற்பரப்பு வரை திறந்த துளைகளுக்குள் வாயுவும் புகுந்துவிடுவதால் அவை மூடாது. உப்பு நீர் முதலில் நுழையும் இடமும் அவைதான். திறந்த துளைகள் உள்ள மேற்புற அடுக்கைக் கடைந்தெடுத்த பிறகு, விரிசலிட்ட துண்டை உப்பு நீருக்குள் சுமையேற்றி, உலை கண்டதையும் காணாததையும் ஒப்பிட வேண்டும்.